ஓட்டைக் கப்பலின் குரல்

மார்ச் 4

பைலட்டுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. செல்போனில் செய்தி அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். போனில் பேசுவது நமக்கு ஆகாத கதை. அதனால் காகிதம். முழுசாகப் படி.

நேற்று வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் டை கட்டிய ஒருத்தர் போனை வைத்துக்கொண்டு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். நான் சன்னலைப் பார்த்தபடி இருந்தேன். திடீரென்று என் வாய் என் காதில் கேட்டது. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். "டிங்குக்... டிங்குக்... டிங்குக்..." கப்பலில் காற்று குறைந்தால் நான் போடும் சத்தம். முன்பல் விழுந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் காற்று கூடவே வருமே, அதே 'குக்'. நான்தான் என்னை மறந்து போட்டுவிட்டேனோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

எட்டிப் பார்த்தால் நம் கப்பல். நிறமெல்லாம் புதுசு. ஆனால் அந்தக் கூன் விழுந்த முதுகை எனக்குத் தெரியாதா? கதவு திறக்கும்போது என் "ப்ஷ்ஷ்". கல் மோதும்போது என் "டப்". இறங்கும் இடத்தை மறந்து டை கட்டியவரின் தோளுக்கு மேலேயே நின்றேன். அவர் என்னைத் திருடி என்று நினைத்திருப்பார்.

உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு ஆறும். நம் சின்ன வயசில் அப்பாவுக்கு அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் டிவி இருந்த அதே அறையில் தூங்குவார். "சத்தம் கேட்டுச்சு, பொட்டியைத் தூக்கி வெளிய எறிஞ்சிடுவேன்" என்பார். அதனால் டிவி எப்போதும் ஊமை. வீடியோ கேமில் நீ கப்பலை ஓட்டுவாய். உன் கண் எதிரே வரும் கற்களில் இருக்கும். நான் உன் காதோரம் உட்கார்ந்து, மூலையில் காற்றின் அளவைக் காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டு, சத்தமெல்லாம் வாயால் போடுவேன். விளையாட்டு அட்டையில் என்ன பெயர் எழுதியிருந்ததோ, அந்த மொழி நமக்குத் தெரியாது. எந்நேரமும் காற்று ஒழுகும் கப்பல் என்பதால் 'ஓட்டைக் கப்பல்' என்று பேர் வைத்தோம். நம்மோடு கிளம்பிக் காணாமல் போன கூட்டுக் கப்பலைத் தேடிக் கிரகம் கிரகமாகப் போவோம். கடைசிக் கிரகம் வருவதற்குள் அப்பா எழுந்துவிடுவார். "உள்ள யார் இருப்பா?" என்று எழுதிக் காட்டுவேன். "ஒருநாள் சேர்ந்து போய்ப் பாப்போம்" என்பாய்.

இன்று காலை எங்கள் பல் கட்டும் லேப் முதலாளியம்மா கூப்பிட்டார். "இவரு உங்க அண்ணன்தானே? பேட்டி வந்திருக்கு பாருங்க." பார்த்தேன். நீ நன்றாக இளைத்திருக்கிறாய். "எங்க வீட்டு டிவியில சத்தம் வைக்க முடியாதுங்க. அதனால நானே வாயால சத்தம் போட்டுக்கிட்டே விளையாடுவேன். அதைத்தான் இப்ப நீங்க கேக்குறீங்க" என்கிறாய்.

நானே.

பேட்டி எடுத்தவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் அது வீடியோ.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் நான் இருந்தேனா, இல்லையா?

ரேடியோ


மார்ச் 13

அடியே ரேடியோ,

உன் கடிதத்தைப் பிரிக்கும்போதே அனல் அடித்தது. கோபத்தில் நீ எழுதினால் அடுத்த பக்கத்திலும் எழுத்து பதியும். தடவிப் பார்த்தேன், பதிந்திருக்கிறது.

முதலில் விஷயத்தைக் கேள். எங்கள் கம்பெனி அந்தப் பழைய விளையாட்டின் உரிமையை வாங்கிப் புதிதாகச் செய்தது. சத்தம் என் பொறுப்பு. மூலத்தில் என்ன சத்தம் இருந்தது தெரியுமா? நானும் இப்போதுதான் கேட்டேன். வெறும் 'பீப்'. எல்லாவற்றுக்கும் ஒரே பீப். கதவுக்கும் பீப், சாவுக்கும் பீப். இதற்காகவா அவ்வளவு பயந்து டிவியை ஊமையாக்கினோம் என்று சிரித்தேன்.

அப்போதுதான் அந்த டேப் ஞாபகம் வந்தது. பேச்சு டாக்டரம்மா உனக்குப் பயிற்சிக்காகக் கொடுத்த கேசட். பயிற்சி முடிந்து மிச்சம் இருந்த பக்கத்தில் உன்னைச் சத்தம் போடச் சொல்லி நான் பதிவு செய்தேனே. வீடு மாறும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்திருக்கிறேன். எங்கள் இயக்குநரம்மாவிடம் போட்டுக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இது யாரு?" என்றார்.

அங்கேதான் வாய் குளறியது. "நான்தாங்க, சின்ன வயசுல" என்று சொல்லிவிட்டேன். தங்கச்சி என்று சொன்னால் "கூட்டிட்டு வாங்க, பேட்டி எடுக்கலாம்" என்பார்கள். உன் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டுவார்கள். நீ நிற்பாயா அங்கே? உனக்காகத்தான் சொன்னேன் என்று சொன்னால் நம்புவாயா?

அறையில் நீ இருந்தாய். அதிலென்ன சந்தேகம்? வெளியே சொல்வது வேறு, நமக்குள் இருப்பது வேறு.

அடுத்த மாதம் ஏதோ விருது தருகிறார்களாம். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள். இன்னொன்று. நீ அந்த விளையாட்டை இறக்கி ஆடிக்கொண்டிருக்காதே. போனில் கண் கெட்டுப் போகும். கடைசிக் கட்டம் வேறு ரொம்பக் கஷ்டம், எரிச்சல்தான் வரும்.

உன் பைலட்


மார்ச் 20

பைலட்டுக்கு,

எனக்காகச் சொன்னாயா? நல்லது. எனக்காக நீ சொன்னதையெல்லாம் ஒருதரம் நினைத்துப் பார்ப்போம்.

ஐஸ்கிரீம் கடையில் எனக்காக நீதான் சொல்வாய். எனக்கு எலுமிச்சை பிடிக்கும். கடைக்காரர் என்னைத்தான் கேட்பார். நான் வாயைத் திறந்து "எ... எ..." என்று தொடங்குவதற்குள் "அவளுக்கும் சாக்லேட்தாங்க" என்பாய். சின்ன வயசு முழுக்க நான் சாக்லேட் தின்றேன். இன்றைக்கும் அது தொண்டையில் இறங்காது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால், உன் வகுப்பை விட்டு வந்து சன்னலில் நின்று, "அவளுக்குத் தெரியும் மிஸ், சொல்லத்தான் வராது" என்பாய். தெரியும் என்று சொன்னதற்கு நன்றி. ஆனால் அன்று எனக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் வந்திருக்கும்.

என் வாயில் திக்காமல் வந்தது அந்தச் சத்தங்கள் மட்டும்தான். கல், கதவு, காற்று, எஞ்சின் எதுவுமே என் பற்களில் மாட்டியதில்லை. அப்பா குறட்டை விட, நீ வியர்க்க வியர்க்க ஓட்ட, நான் ஒரு தடங்கலும் இல்லாமல் ஒரு வானத்துக்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். பைலட் என்று உன்னைக் கூப்பிட்டதும் அதனால்தான். 'ப' எனக்கு வரும். 'அண்ணா' வராது. இத்தனை வயசாகியும் உன்னை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை என்று நீ கவனித்திருக்கிறாயா?

என்னிடம் இருந்த ஒரே சரளம் அது. அதைத்தான் 'நானே' என்று சொல்லிவிட்டாய்.

அம்மாவிடம் சொன்னேன். "சத்தம்தானேடி? நகையையா எடுத்துட்டான்? விட்டுத் தள்ளு. அவன் நல்லா இருந்தா உனக்கும்தானே பெருமை?" என்கிறாள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

விளையாட்டை இறக்கிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஆடுகிறேன். கையெல்லாம் மெழுகு, பல் செட்டு அச்செல்லாம் ஓரமாகக் காய்கிறது. பிளாஸ்டர் கலக்கும் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று "கல்லு, கல்லு, வலப்பக்கம் பாரு!" என்று கத்துகிறார். பாதிக் கிரகங்களைத் தாண்டியாயிற்று. நீ ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததிலேயே பாதி கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த விருதை வாங்கும்போது, இது என் தங்கச்சியின் சத்தம் என்று சொல். சின்ன வாக்கியம். நீ திக்க மாட்டாய்.

ரேடியோ


மார்ச் 29

ரேடியோவுக்கு,

சரி. இயக்குநரம்மாவிடம் பேசி, அடுத்த பதிப்பில் நன்றிப் பட்டியலில் உன்னைச் சேர்க்கச் சொல்லிவிடுகிறேன். 'குடும்பத்தினருக்கு நன்றி' என்று வரும். கடைசியில்தான் வரும், ஆனால் வரும்.

மேடையில் சொல்வதெல்லாம் இப்போது முடியாது. எல்லா இடத்திலும் நான்தான் என்று சொல்லியாயிற்று. இப்போது மாற்றினால் என்னை யார் நம்புவார்கள்?

நீ உன் பக்கத்தை எழுதினாய். என் பக்கத்தையும் கேட்டுக்கொள். நீ போட்ட சத்தமெல்லாம் காற்றோடு போயிருக்கும். பிடித்து வைத்தவன் நான். பத்திரப்படுத்தியவன் நான். டேப்பில் இரைச்சல் எவ்வளவு தெரியுமா? அப்பாவின் குறட்டை, ஃபேன், தெருவில் போன லாரி. ஒவ்வொன்றாகச் சலித்து எடுத்தேன். கண் பூத்துப் போய்விட்டது. வெறுமனே எடுத்து ஒட்டிவிட்டேன் என்று நினைக்காதே. கப்பலை ஓட்டியவன் இல்லாமல் சத்தம் எங்கிருந்து வரும்?

நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறிப் போனபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனாய். "பல் கட்டுற லேப்ல வேலை கிடைச்சிருக்கு, போறோம்." அவ்வளவுதான். அதைப் பற்றி நான் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனா?

எலுமிச்சை விஷயம் எனக்குத் தெரியாது. தலையாட்டித்தானே தின்றாய்?

ஒரு வேண்டுகோள். கடைசிக் கிரகம் வரைக்கும் போகாதே. முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. நீ ஏமாந்து போவாய். இதையாவது கேள்.

பைலட்


ஏப்ரல் 9

போய்விட்டேன்.

நேற்று மதியம் கூட்டுக் கப்பல் கிடைத்தது. கறுப்பாக, சாய்ந்து கிடந்தது. அக்கா, முதலாளியம்மா, மெருகு போடும் அண்ணன் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். உள்ளே யார் இருப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் இல்லையா? கதவைத் திறந்தேன். ப்ஷ்ஷ். உள்ளே இருட்டு. ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக்கியது. பிறகு கப்பலின் ரேடியோவில் அறுந்து அறுந்து ஒரு குரல் வந்தது.

"அ... அ... அ அ... அ..."

மறுபடியும், மறுபடியும்.

அக்கா சொன்னார், "ஐயோ பாவம், யாரோ மாட்டிக்கிட்டாங்க. சிக்னல் சரியில்ல போல."

நான் எழுந்து போய்க் கை கழுவினேன். மெழுகு போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அது டேப்பில் நான் சத்தம் போட்ட பக்கம் இல்லை. பயிற்சிப் பக்கம். டாக்டரம்மா சொன்னார், "உனக்கு ரொம்பச் சொல்லணும்னு இருக்கிற ஒரு வார்த்தையை எடுத்துக்கோ. அதை மட்டும் தினம் சொல்லிப் பழகு." நான் எடுத்த வார்த்தை எதுவென்று உனக்குத் தெரியும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தியவன் நீ. அந்த வார்த்தை கடைசி வரைக்கும் வரவே இல்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

வகுப்பில் பிள்ளைகள் என்னை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். நீ அடிக்கப் போவாய். சட்டை கிழிந்து வருவாய். அம்மாவிடம் திட்டு வாங்குவாய். உலகத்தில் எவன் என்ன செய்தாலும் இவன் செய்ய மாட்டான் என்று ஒருத்தன் இருந்தான் எனக்கு.

விளையாடியவர்கள் எழுதுவதையெல்லாம் தேடிப் படித்தேன். அந்தச் சிக்னல் என்ன சொல்கிறது என்று ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். கேட்டு அழுதார்களாம். சிலர் அதை அலாரமாக வைத்திருக்கிறார்கள். என் திக்கலைக் கேட்டுக் காலையில் கண் விழிக்கிறார்கள்.

அதை எடுத்துவிடு. பேரும் வேண்டாம், நன்றியும் வேண்டாம். எடுத்துவிடு. டேப்பை எனக்கு அனுப்பு.


ஏப்ரல் 18

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை நாலைந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அசிங்கப்படுத்த வேண்டும் என்று செய்யவில்லை. சத்தியமாக. கடைசிக் காட்சிக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. நடிக்கிற பிள்ளைகளை வைத்து எடுத்துப் பார்த்தோம். எல்லாம் போலியாக இருந்தது. ஒருநாள் டேப்பைத் திருப்பிப் போட்டேன். அந்த இடம் வந்தது. ஒரு குழந்தை தன் உயிரையே போட்டு ஒன்றைச் சொல்லப் பார்க்கிறது. அது உன் குரல் என்பதை மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. ஒதுக்கி வைத்தேன். என் வேலையில் எல்லாமே சத்தம்தான். எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்று மட்டும்தான் பார்த்தேன்.

இப்போது எடுக்க முடியாது. இந்த விளையாட்டின் உயிரே அந்த இடம் என்கிறார் இயக்குநரம்மா. விருதும் அதற்காகத்தான். அதைவிடப் பெரிய சிக்கல், அது யாருடைய குரலும் இல்லை, கணினியில் நானே உருவாக்கிய சத்தம் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஆளின் குரல் என்றால் அந்த ஆளின் சம்மதம் வேண்டும். உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

வெளியே தெரிந்தால் வேலை போகும். இந்தத் தொழிலில் அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். பேசாமல் இரு.

டேப் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 27

பேசாமல் இருக்கச் சொல்கிறாய். அதுவும் என்னை.

பேசிவிட்டேன். நீ மற்றவர்கள் வாயால் கேட்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

உன் கம்பெனிக்குப் போன் செய்தேன். லேப் மாடிப்படியில் நின்றுகொண்டு செய்தேன். வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். நான் "வ... வ... வ..." என்று தொடங்கினேன். "ஹலோ? ஹலோ? லைன் கட்டாகுதுங்க. கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க" என்று வைத்துவிட்டாள். நான் வெளியேதான் நின்றேன். மறுபடியும் செய்தேன். "சிக்னலே இல்லீங்க" என்றாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவள் குரலில் எரிச்சல்கூட இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "வேண்டாம்டி. அவன் பொழப்பு போயிடும். உடன்பிறந்தவனை யாராச்சும் காட்டிக் கொடுப்பாங்களா?" என்று அழுதாள். அவள் அழுததும் நியாயம்தான். எனக்கும் தூக்கம் வரவில்லை. உனக்கு வேறு எதுவும் தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கப்பலுக்குள் அந்தப் பிள்ளை இன்னும் திக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. யார் வந்து கதவைத் திறந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு எப்படி இருப்பது?

மறுநாள் மறுபடி செய்தேன். இந்த முறை முதலில் என் சத்தத்தைப் போட்டேன். டிங்குக், டிங்குக். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எங்க விளையாட்டுச் சத்தம்! யாருங்க நீங்க?" என்றாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இயக்குநரம்மாவுக்கு இணைக்கச் சொல்லிவிட்டேன்.

அவரிடம் பேச நேரம் பிடித்தது. நிறைய. ஒவ்வொரு வார்த்தையும் கல்லில் மோதித்தான் வந்தது. ஆனால் அவர் ஒரு வார்த்தையைக்கூட எனக்காக முடித்து வைக்கவில்லை. பொறுமையாக இருந்தார். நடுவில் 'அண்ணன்' என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. "அ... அ... அ அ..." அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "ஐயையோ, அது நீங்களா?" என்றார்.

வேறு சாட்சி தேவைப்படவில்லை. எடுத்துவிடச் சொன்னேன். உன்னை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

டேப்பை அனுப்பு.


மே 11

வாழ்நாள் முழுக்க எனக்கு ஒரு போன் செய்யாதவள் நீ. என் கல்யாணத்துக்குக்கூட வாழ்த்து எழுதித்தான் அனுப்பினாய். நீ செய்த முதல் போன் எனக்கு எதிராக.

நிம்மதியா?

கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளை எதிரே வைத்தார்கள். கத்தவில்லை, திட்டவில்லை. அதைவிடக் கேவலம் எதுவும் இல்லை. விருது நிகழ்ச்சிக்கு நான் போகவில்லை. பேட்டி வீடியோவை நீக்கிவிட்டார்கள். இனிமேல் கட்டுரைகளில் உன்னைப் பற்றி வரும், நீ ஒத்துக்கொண்டால். என் மேஜையைக் காலி செய்துவிட்டேன். ஒரு அட்டைப்பெட்டிகூட நிறையவில்லை.

சிக்னலை எடுத்தாயிற்று. இப்போது அந்தக் கப்பலுக்குள் போனால் விளக்கு மட்டும் மினுக்கும். ஒரு சத்தமும் இல்லை. ஆட்டமே செத்துப் போயிற்று என்று எல்லாரும் திட்டுகிறார்கள். அதையும் நீ தேடிப் படித்திருப்பாய்.

என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம், இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். உன் சட்டைப் பையிலிருந்து எவனாவது பென்சில் பிடுங்கினால்கூட அவனோடு கட்டிப் புரண்டவன் நான். அதற்கெல்லாம் ஒரு மதிப்பும் இல்லையா? நான் தப்புச் செய்தேன். ஆனால் நீ வெளி ஆளிடம் போனாய்.

டேப் இதோடு வருகிறது. தொலையவில்லை. என் மேஜையிலேயேதான் இருந்தது. அதில் வேறு ஒன்றும் இல்லை, அந்தப் பயிற்சியும் சத்தங்களும்தான். உனக்குத்தானே வேண்டும்? வைத்துக்கொள்.

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.


மே 23

டேப் வந்தது.

போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லை. முதலாளியம்மாவின் பழைய காரில் இருந்தது. லேப் வாசலில் காரை நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நானும் அம்மாவும் முன் இருக்கையில் உட்கார்ந்து கேட்டோம். பயிற்சிப் பக்கத்தைத்தான் முதலில் போட்டேன்.

குறட்டை. ஃபேன். அப்புறம் நான். "அ... அ... அ அ... அ..." நீ வெட்டிய இடம் வந்தது. நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு மூச்சு. நீளமான மூச்சு. அதற்கப்புறம் "அண்ணா."

முழுசாக. உடையாமல், ஒரே வார்த்தையாக. நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருஷமும் அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்திருக்கிறேன். நீ அதற்கு ஒரு மூச்சு முன்னால் வெட்டியிருக்கிறாய்.

டேப் அதோடு நிற்கவில்லை. நாற்காலி ஒன்று தடாலென்று விழுகிறது. ஒரு பையன் கத்துகிறான். "சொல்லிட்டா! அம்மா, இங்க வாயேன், சொல்லிட்டா! என்னைத்தான் சொன்னா! என்னைத்தான் சொன்னா!" அப்பா விழித்துக்கொண்டு "எவன்டா அது, என்னடா சத்தம்?" என்கிறார். அந்தப் பையன் பயப்படவே இல்லை. "நீங்களும் எழுந்திருங்கப்பா, அவ சொல்லிட்டாப்பா!" என்கிறான். டிவியில் கட்டெறும்பு ஊரும் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டவன். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தக்கூட மறந்துவிட்டான். டேப் தீரும் வரைக்கும் கத்திக்கொண்டே இருக்கிறான்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவன்தான்டி அது" என்றாள். அதற்கப்புறம் உனக்காக அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டி நீ கேட்டாயா, இல்லை, உனக்கு வேண்டியது கிடைத்ததும் நிறுத்திவிட்டாயா? கேட்டுவிட்டு வெட்டினாயா, கேட்காமலே வெட்டினாயா? இதில் எது மோசம் என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

உன் வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. போன் செய்ததற்கு வருத்தமும் இல்லை. கட்டுரைக்கெல்லாம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இயக்குநரம்மாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன்.

இனி உன் கடிதங்கள் வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பையன் உன்னிடம் எங்கேயாவது இன்னும் இருந்தால், அவனை எழுதச் சொல். அவனுக்கு என் விலாசம் கொடு. நான் அவனைக் கூப்பிட்டேன், அவனுக்குக் கேட்டது. அவனுக்குப் பதில் எழுதுவேன்.

தங்கச்சி